ஈயமும் சாக்கெட்டும்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை மும்பைவாழ் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள் அது. செம்பூரில், தரைத்தளத்தில் இருந்த எங்கள் வீட்டினுள் மாலையில் தண்ணீர் புகுந்தது. அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் அப்போது வீட்டில் இல்லை. ஒருவர் நடுவழியில் நின்றுபோன ரயிலிலும், மற்றவர் அலுவலக மேசையின் மீதுமாக அன்றிரவைக் கழித்தோம். மறுநாள் உச்சிப்பொழுதில் வீடு வந்து சேர்ந்தபோது, அம்மா அரிசி டின்னைக் கட்டிலின் மேல் ஏற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே காவல் இருந்தார். அப்பாவோ, அலமாரியின் அடித்தட்டில் இருந்த தம் ஆம்ப்ளிபயரைச் சாய்த்துப் பிடித்து, அதன் வயிற்றிலிருந்து சேறு வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆம்ப்ளிபயரைப் பற்றிச் சற்றே கூற வேண்டும். 1955-இல் கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர் அப்பா. 1967-இல், லாமிங்டன் ரோடு கடைகளில் மாதம் ஒரு பொருளாக வாங்கிச் சேர்த்து, அதைத் தம் கையாலேயே செய்து முடித்தார். இங்கிலாந்தின் மல்லார்ட் நிறுவனம் வெளியிட்டிருந்த ‘ஐந்து-பத்து’ என்னும் வரைபடமே அதற்கு அடிப்படை. ஐந்து வால்வுகள், பத்து வாட். பெயர்க் காரணம் அவ்வளவே. முதலில் ஓர் இ.எப்.86, அடுத்து ஓர் இ.சி.சி.83, கடைசியில் ஸ்பீக்கரை ஓட்ட இரண்டு இ.எல்.84, மின்சாரத்தை ஒருமுகப்படுத்த ஒரு வால்வு. ஆனால் அப்பா புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. சிறு வயதில் கோயில் உற்சவத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தை நேரில் கேட்ட காது அவருடையது. இசைத்தட்டில் உள்ள தோடி அந்த ஒலிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு பக்கத்தில் கொண்டுவர, ஓரிரு ஆண்டுகள் ரெசிஸ்டர்களையும் கண்டென்ஸர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். முடிந்த அளவுகளைப் பென்சிலால் ஒரு தாளில் குறித்து, சேஸிஸின் அடியிலேயே ஒட்டி வைத்திருந்தார்.

வெள்ளம் முதலில் தின்றது அந்தத் தாளைத்தான்.

டிரான்ஸ்பார்மர்கள் சேஸிஸின் மேற்புறத்தில் இருந்தமையால் பிழைத்தன. கீழே இருந்தவை எல்லாம் போயின. அட்டைக் கண்டென்ஸர்களின் மேலிருந்த எழுத்துகள் கரைந்துவிட்டன. ரெசிஸ்டர்களின் வண்ண வளையங்கள் முப்பத்தெட்டு ஆண்டுச் சூட்டில் ஏற்கெனவே ஒரே பழுப்பாகிவிட்டிருந்தன. மீட்டர் வைத்து அளந்தாலும் பயனில்லை. பழைய கார்பன் ரெசிஸ்டர் வயதாக ஆகத் தன் அளவில் ஏறிக்கொண்டே போகும் இயல்புடையது. அப்பாவைக் கேட்டோம். அவருக்கு அப்போது வயது 74. “கேட்டாத் தெரியும்டா; சொல்லத் தெரியாது” என்றார்.

நாங்கள் இருவரும் அதைப் புதிதாகச் செய்து தருவதென முடிவு செய்தோம். வயதான கண்களுக்கு ஈயம் வைக்கும் வேலை இனி ஒத்துவராது. பழைய முறைப்படி கம்பி கம்பியாக இணைக்கும் பொறுமை எங்களுக்கு இல்லை. ஆகவே செம்புத் தகடு ஒட்டிய போர்டில் கோடுகள் வரைந்து, குளியலறை வாளியில் பெர்ரிக் குளோரைடு கரைத்து, வேண்டாத செம்பை அரித்தெடுத்தோம். அந்த மஞ்சள் கறை தரையைவிட்டுப் போகவில்லை என்று அம்மா நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்டில் ஒரு தொல்லை உண்டு. அதன்மேல் உள்ள செம்பு ஏறத்தாழ 35 மைக்ரான் கனமே உடையது. ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை சூடு வைத்து ரெசிஸ்டரைக் கழற்றி மாட்டினால், செம்பு அப்பளம்போல் எழும்பி வந்துவிடும். எந்த அளவு சரியெனத் தெரியாத நிலையில் பத்து முறை மாற்றியாக வேண்டுமே! அதற்கு நாங்கள் கண்ட வழிதான் சாக்கெட். ஐ.சி.க்கள் மாட்டுவதற்கென விற்கும் கடைந்தெடுத்த துளைச் சாக்கெட் வரிசையை வாங்கி, ஒவ்வொரு துளையாக நறுக்கி, மாற்ற வேண்டிய இடங்களில் மட்டும் ஈயம் வைத்தோம். ரெசிஸ்டரின் கால்களை அதில் செருகினால் போதும்; வேண்டாவிட்டால் பிடுங்கிக்கொள்ளலாம். வரிசையை அப்படியே வைக்காமல் நறுக்கியதற்குக் காரணம் உண்டு. துளைக்கும் துளைக்கும் இடையே 2.54 மில்லிமீட்டர்தான், 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் இடத்தில், அதிலும் மும்பையின் உப்புக்காற்றில், அந்த இடைவெளியை நம்ப இயலாது. தங்கமுலாம் பூசியதாகப் பார்த்து வாங்கியதும் உப்புக்காற்றை எண்ணித்தான்.

அப்பா போர்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வால்வு சாகறதுக்குன்னே பொறந்தது, அதுக்குச் சாக்கெட் வேணும். ரெசிஸ்டருக்கு எதுக்குடா சாக்கெட்?” என்றார்.

1920-களின் வானொலிப் பெட்டிகளில் கிரிட் ரெசிஸ்டரை ப்யூஸ் மாட்டுவதுபோல் கிளிப்பில் மாட்டி வைத்திருந்ததையும், அலைவரிசைக்கு ஏற்பக் காயில்களைப் பிடுங்கிச் செருகியதையும் நாங்கள் பெருமையோடு எடுத்துச் சொன்னோம். “அது பேட்டரி செட்டு. தொண்ணூறு வோல்ட்டு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆனால் கேட்க உட்கார்ந்தார். அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. இரவு உணவுக்குப் பின், தெருச் சத்தம் அடங்கியதும், தோடி இசைத்தட்டு சுழலத் தொடங்கும். அது மேல் தட்டில் இருந்தமையால் தப்பியது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பிளக்கைப் பிடுங்குவோம்; சேமிப்புக் கண்டென்ஸர்களில் தங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பின்பே கை வைப்போம். இடக்கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை.

முதலில் இ.எல்.84 வால்வுகளுக்குப் போகும் இணைப்புக் கண்டென்ஸர்கள். 0.022 மைக்ரோபாரடும் 0.1-உம் மாறி மாறிச் செருகினோம். 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டருடன் சேர்த்துக் கணக்கிட்டால் முன்னது ஏறத்தாழ 15 ஹெர்ட்ஸிலும், பின்னது மூன்றரையிலும் கீழ்ச்சுருதியை வெட்டத் தொடங்கும். இரண்டுமே நாகஸ்வரத்திற்கும் தவிலுக்கும் வெகு கீழே. எங்களில் ஒருவருக்கு 0.1-இல் தவில் கனமாகக் கேட்டது. அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. கணக்கும் அப்பாவின் பக்கம்தான் பேசியது.

எதிரூட்டு ரெசிஸ்டர் அப்படியன்று. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியில் ஒரு சிறு பங்கை முதல் வால்வின் கேதோடுக்கே திருப்பி அனுப்பி, பிழையைத் தானே திருத்திக்கொள்ளச் செய்வது அது. அதன் மதிப்பைக் குறைத்தால் ஒலி தெளிந்து அடங்கும். கூட்டினால் உரத்து முன்னே வரும். மிகவும் குறைத்துவிட்டால் காதுக்கு எட்டாத உயரத்தில் ஆம்ப்ளிபயர் தானாகவே ஊளையிடத் தொடங்கும் அபாயமும் உண்டு. அதை மாற்றியபோதெல்லாம் அப்பாவின் முகம் மாறியது. “சீவாளி தெரியறது, மூச்சு தெரியல” என்பார் ஒருமுறை. “இப்ப மூச்சு இருக்கு, ஆனா கத்தறார்” என்பார் மறுமுறை.

நாங்கள் அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆர்வக் கோளாறு யாரை விட்டது? இ.எல்.84-இன் கிரிட் ரெசிஸ்டர்களுக்கும் சாக்கெட் வைத்திருந்தோம். ஒரு நாள் அதில் தடித்த காலுடைய ஒரு வாட் ரெசிஸ்டரை அழுத்திச் செருகிப் பார்த்தோம். மறுநாள் அதைப் பிடுங்கிவிட்டு மெல்லிய கால் உடையதை மாட்டினோம். முதல்நாள் விரிந்த சாக்கெட்டின் பிடி மீண்டும் சுருங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. ஆலாபனை நடுவே ஒலி கரகரத்தது. நாங்கள் இசைத்தட்டைப் பார்த்தோம்; அப்பா வால்வைப் பார்த்தார். கண்ணாடியினுள்ளே பிளேட் கொல்லன் உலையிரும்பாய்ச் சிவந்துகொண்டிருந்தது. சூட்டிலும் அதிர்விலும் ரெசிஸ்டரின் கால் தொடர்பு அற்றுப்போக, பிடிமானம் இழந்த கிரிட் தன் காவலைக் கைவிட்டுவிட்டது. வால்வு தாங்குவது 12 வாட். அதற்கு மேல் குடித்துக்கொண்டிருந்தது. 74 வயதுக்காரர் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிய வேகம் இன்றும் எங்களுக்கு வியப்பு.

வால்வு போனால் வேறு வாங்கலாம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த பழைய இருப்பு அப்போதும் தேடினால் கிடைத்தது. ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் புதிதாகவே செய்கிறார்கள். ஆனால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர், லாமிங்டன் ரோட்டுச் சந்து ஒன்றில் ஒரு கிழவர் 1967-இல் அடுக்கடுக்காகக் கையால் சுற்றித் தந்தது. அவரும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. இன்னும் சில நிமிடங்கள் சென்றிருந்தால் அது கருகியிருக்கும்.

அன்றிரவு அப்பா திட்டவில்லை. அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஒரு ரெசிஸ்டர் வரைந்தார். அதற்கு இணையாகப் புள்ளிக்கோட்டில் இன்னொன்று வரைந்தார். “நிலையா ஒண்ணை ஈயம் வச்சு வை. மாத்தறதை அதுக்குப் பக்கத்துல செருகு. செருகினது விழுந்தாலும் வச்சது இருக்கும்.” இரண்டு ரெசிஸ்டர்கள் இணையாக நின்றால் மொத்த மதிப்பு குறையும் என்பது பள்ளிப் பாடம். பெரிய மதிப்பொன்றை நிலையாக வைத்து, செருகுவதைக் கொண்டு வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் படித்தவர்கள், எங்களுக்கு அது தோன்றவில்லை.

மறுவாரம் கிரிட் ரெசிஸ்டர்களுக்கும் கண்டென்ஸர்களுக்கும் ஈயம் வைத்து முடித்தோம். எதிரூட்டில் 10 கிலோ ஓம் ஒன்றை நிலையாக வைத்தோம். அதன் பக்கத்தில் ஒரே ஓர் இணைச் சாக்கெட்டை விட்டுவைத்தோம். அங்கே உயர் வோல்ட் இல்லை. செருகியது கழன்று விழுந்தாலும் ஒலி சற்று உரக்குமேயன்றி எதுவும் எரியாது. அதில் இன்னொரு 10 கிலோ ஓம் செருகியபோது அப்பா ஒன்றும் சொல்லாமல் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். பிறகு அதையே மறுபடியும் வைக்கச் சொன்னார்.

2012-இல் அப்பா காலமானார். ஆம்ப்ளிபயர் இப்போது ஆறு மாதம் செம்பூரிலும், ஆறு மாதம் தம்பி குடியேறிய புணேயிலும் இருக்கிறது. தம்பிக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு வேண்டும். அங்கே இருக்கும்வரை சாக்கெட்டில் 22 கிலோ ஓம் இருக்கும். கழற்றிய 10 கிலோ ஓமை அப்பாவின் பொடி டப்பாவில் போட்டு, ஆம்ப்ளிபயருடனேயே அனுப்பிவிடுவது வழக்கம். செம்பூருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று பார்த்து, இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டப்பாவைத் திறக்கிறோம்.