பன்னீர்ச் செம்பு

உசிலம்பட்டி என்று ஊர்ப்பெயரைச் சொன்னதும் வெளியூரார் முகம் மாறுவதை இளமையில் பலமுறை கண்டிருக்கிறேன். 1980களில் பெண்சிசுக் கொலையால் நாளேடுகளில் இடம்பெற்ற ஊர் இது. இன்று இவ்வூர்ப் பெண்கள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் காவலர்களாகவும் பணிக்குச் செல்லக் காலைப் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். அவர்களை வாழவிட்டதோடு நம் கடமை முடிந்துவிடுமா? பணியிடத்தில் அவர்களுக்கு உரியதைத் தருகிறோமா? இக்கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவன் நான்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பணியில் சேர்ந்த புதிது. விடியலில் மல்லிகை பறிக்கச் செல்லும் பிள்ளைகள் காலைச் சிறப்பு வகுப்புக்கு வருவதில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. "சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றலாமே" என்றார் கணித ஆசிரியை. எவரும் செவிகொடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து அதையே நான் உரத்த குரலில் கூறினேன். தலைமையாசிரியர் பாராட்டினார், கூட்டப் பதிவேட்டில் என் பெயர் ஏறியது. நான் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அந்த அம்மையார், "நல்ல யோசனை சார். பத்து நிமிடத்துக்கு முன்பு எனக்கும் அப்படித்தான் பட்டது" என்று சிரித்துவிட்டுச் சென்றார். அச்சிரிப்பு அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடம் உண்மையைக் கூறிப் பதிவேட்டைத் திருத்தச் செய்தேன். அதன்பின்தான் பலவும் என் கண்ணில் பட்டன. ஆண்டு விழா என்றால் கோலமும் வரவேற்பும் பெண்களுக்கு. மேடையும் கணக்கும் ஆண்களுக்கு. எவரும் எழுதிவைக்காத இவ்விதியை எல்லோரும் பின்பற்றினோம். அவ்வாண்டு நான் பன்னீர்ச் செம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வரவுசெலவுக் கணக்கு கணித ஆசிரியையிடம் சென்றது. நண்பர்கள் நகைத்தனர். கணக்கோ ஒரு காசும் பிசகாமல் முடிந்தது.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இடமளித்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று உறுதிமொழி பெற்ற பின்னரே, 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். பின்னர்ச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். ஆற்றல் முழுவதும் அவருடையது. அவ்வாற்றலின் வழியை மறிக்காமல் விலகி நின்றதே அவ்விருவர் செய்த உதவி.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார்களை விசாரிக்கக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் தீமையைத் தடுக்கும். மதிப்பை நாம்தான் தர வேண்டும். பெண் பேசும்போது இடைமறிக்காதிருத்தல், அவர் கருத்தை அவர் பெயராலேயே எடுத்துரைத்தல், மகப்பேறு விடுப்பில் சென்றவரின் பாடவேளையை முணுமுணுப்பின்றி ஏற்றல், கேலி பேசும் நண்பனை நாமே முதலில் கண்டித்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செல்வமோ பெரும்பதவியோ தேவையில்லை.

மாணவர்களே, நாளை நீங்களும் பெண்களோடு தோள்சேர்ந்து உழைப்பீர்கள். என்னைப்போல் ஓர் இரவு உறங்காது கிடந்து இதனைக் கற்க வேண்டாம்.

அந்தக் கணித ஆசிரியை பின்னாளில் தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றார். அவரது பணிநிறைவு விழாவில் வாயிலில் நின்று பன்னீர் தெளித்தவன் நான். இம்முறை எவரும் நகைக்கவில்லை.