புது வழிக்குச் சான்று யாது?

யாம் மலையேறி அறியேம். கயிற்றைக் கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் நிற்கும் துணிவு எமக்கு வாய்க்கவில்லை. எனினும், மலையேறுவோர் எழுதும் சஞ்சிகைகளைப் படிப்பதில் எமக்கு நெடுநாளைய விருப்பம் உண்டு. படிக்குந்தோறும் ஒரு வினா எம் உள்ளத்தில் எழும். பிறர் எவரும் காணாத உச்சிக்கு, இருவரோ மூவரோ புது வழி கண்டு ஏறினோம் என்று எழுதியனுப்பினால், பல்லாயிர மைலுக்கு அப்பால் மேசைமுன் அமர்ந்திருக்கும் ஆசிரியர் அதனை எங்ஙனம் நம்பி அச்சிடுகின்றார்?

இத்துறையில் மூத்தது லண்டன் மாநகரில் 1857-ஆம் ஆண்டில் தோன்றிய ஆல்ப்பைன் கிளப். அதன் சஞ்சிகை 1863-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அமெரிக்க ஆல்ப்பைன் கிளப்பின் சஞ்சிகையும் இமாலயன் கிளப்பின் சஞ்சிகையும் 1929-ஆம் ஆண்டிற் பிறந்தன.

இவற்றின் ஆசிரியர் முதற்கண் ஆராய்வது வழியின் தகுதி. ஊர்ப்புறத்துப் பாறைகளில் ஒரு கயிற்று நீளத்தில் முடியும் சிறு வழிகள் எண்ணிறந்தன. அவற்றிற்கு அவ்வவ்விடத்து வழிகாட்டி நூல்களே உரிய இடம். சஞ்சிகையோ, பெருமலைகளிற் கண்ட நெடிய புது வழிகளையே பெரிதும் தேரும். அடுத்து ஆராய்வது விவரம். ஏறியவர் பெயர், நாள், உயரம், கடினத்தின் தரம், இரவு தங்கிய இடம், இறங்கிய வகை ஆகிய யாவும் வேண்டும். மலையின் நிழற்படத்தின்மேல் வழியைக் கோடிட்டுக் காட்டல் வேண்டும். முன்னோர் சென்ற வழியோடு அஃது எங்கே கூடுகின்றது, எங்கே பிரிகின்றது என்பதும் தெரிதல் வேண்டும். ஐயம் நேரின், அம்மலையை நன்கறிந்த பிறரை வினவுவர். இத்துணை கவலை எதற்கெனின், அக்கோட்டை நம்பிப் பின்னொருவர் தம் உயிரை ஒரு கயிற்றில் ஒப்படைப்பார் ஆகலின் என்க.

நிழற்படம் ஒன்றே போதுமோ எனின், போதாது. வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமாகிய மக்கின்லியில் தாம் ஏறியதாக பிரெடரிக் குக் என்பார் 1906-ஆம் ஆண்டிற் கூறி, உச்சியின் படம் என ஒன்றையும் காட்டினார். 1910-ஆம் ஆண்டில் பெல்மோர் பிரவுனும் ஹெர்ஷல் பார்க்கரும் அங்குச் சென்று, அப்படம் எடுக்கப்பட்ட சிறு குன்றைக் கண்டுபிடித்துத் தாமும் அதனைப் படம் எடுத்து வந்தனர்.

இதனினும் எம் நெஞ்சை உறுத்துவது, தென்னமெரிக்காவின் பாட்டகோனியாப் பகுதியிலுள்ள செரோ தோரே என்னும் சிகரத்தின் வரலாறு. 1959-ஆம் ஆண்டில் இத்தாலியராகிய செசாரே மயேஸ்த்ரி, தாமும் டோனி எக்கரும் அதன் உச்சியை அடைந்ததாகவும், இறங்கும்போது பனிச்சரிவில் எக்கர் மாண்டதாகவும், நிழற்படக் கருவியும் அவரோடு மறைந்ததாகவும் கூறினார். உலகம் அவரைப் புகழ்ந்தது. பின்னர் ஐயம் எழுந்தது. உயிர்த்தோழனை இழந்து மீண்டவனை வினவுதல் ஈரமற்ற செயலன்றோ எனின், வினவாது விடின் அம்மலையிற் பின்னர்ப் பாடுபட்டோர்க்கு அன்றோ அநீதி விளையும்?

2004-ஆம் ஆண்டில் ரொலாந்தோ கரிபோத்தி என்பார், மயேஸ்த்ரியின் கூற்றுக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதிய நெடிய ஆராய்ச்சியை அமெரிக்கச் சஞ்சிகை வெளியிட்டது. மறு ஆண்டில் அவரும், எர்மான்னோ சால்வத்தேர்ரா, அலெசாந்த்ரோ பெல்த்ராமி என்னும் இருவரும் அப்பக்கத்தில் உச்சிவரை ஏறினர். அடியில் சுமார் 300 மீட்டர் உயரம் வரையில் பழைய ஆணிகளும் கயிறுகளும் கிடந்தன. அதற்குமேல் யாதொரு சுவடும் இல்லை. அம்மூவருள் சால்வத்தேர்ரா, முன்னர் மயேஸ்த்ரியை மனமார நம்பியிருந்தவர். அவரே தம் கையாற் பாறையைத் தடவித் தேடி, காணாது திரும்பினார். ஐயத்திற்கிடமின்றி அச்சிகரத்தின் முதல் ஏற்றம் 1974-ஆம் ஆண்டில், மேற்குப் பக்கமாக ஏறிய வேறு இத்தாலியருடையதே.

இவற்றால் யாம் அறிவது ஒன்று. சஞ்சிகை வழங்குவது நற்சான்றுப் பத்திரம் அன்று. அஃது ஒரு சாட்சியை வாங்கி, பிறர் சோதிக்கத் தக்க வடிவில் வைக்கின்றது. தீர்ப்புக் கூறுபவர் பின்னர் ஏறுபவரே. ஆதலின் எமக்கு மிக உவப்பானவை வெற்றிச் செய்திகள் அல்ல. உச்சிக்குச் சிறிது கீழே காற்று மிகுந்தமையால் திரும்பினோம் என்று எழுதி, திரும்பிய இடத்தைப் படத்தில் ஒரு புள்ளியால் குறிக்கும் சிறு குறிப்புக்களே. அப்புள்ளியை இட்டவர் ஒரு புகழை இழந்தார். பின்வருவோர்க்கு ஓர் உண்மையை ஈந்தார்.

மாணவ நண்பர்காள்! சோதனைச்சாலையில் நாம் கண்ட அளவைக் குறித்து, காணாத அளவின் இடத்தை வெறுமையாக விடுதலும் அப்புள்ளியை இடுதலை ஒத்ததே. அருகில் எவரும் இல்லாத வேளையிலும் அதனை உள்ளவாறு இடுவோமாக.