வாவிக்கரை விருந்து

பல்கலைக்கழகத்தில் என்னோடு தமிழ் பயின்ற நண்பன் ஒருவன் இப்போது மெல்பேர்ண் நகரில் வாழ்கின்றான். சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் வருமுன் அவன் எழுதிய மடலில் ஒரு வேண்டுகோள் இருந்தது. “கோயில் குளம் வேண்டா, உறவினர் வீட்டுச் சடங்குகளும் வேண்டா. நான்கு நாள் நாட்டுப்புறத்தில் ஓய்ந்திருக்க வேண்டும். நல்ல உணவு, நல்ல காற்று, நடப்பதற்கு ஓரிடம், குடிப்பதற்கு அந்த மண்ணின் மது. இங்கே யாரா பள்ளத்தாக்கில் நாங்கள் அப்படித்தான் வார இறுதியைக் கழிக்கின்றோம்” என்று எழுதியிருந்தான்.

யாரா பள்ளத்தாக்கு மெல்பேர்ணுக்குக் கிழக்கே உள்ளது. குன்றுச் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். அந்தத் தோட்டத்துக் கொடியில் காய்த்த பழத்தின் மதுவை அங்கேயே ஊற்றித் தருவார்களாம். அயற்பண்ணையின் பாற்கட்டியும் அன்று சுட்ட ரொட்டியும் மேசைக்கு வருமாம். விளைந்த இடத்திலேயே உண்பதுதான் அந்தச் சுகத்தின் சாரம் என்று அவன் விளக்கியிருந்தான்.

மடலைப் படித்ததும் எனக்குச் சிறிது பெருமிதம் பிறந்தது. விளைந்த இடத்தில் உண்பதென்றால் எங்கள் நாட்டை விஞ்ச எது உண்டு? வடக்கே ஏறாவூர் முதல் தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கின்றது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பட்டி எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் குளமுமாய் விரிவது படுவான்கரை. ஒன்றில் ஞாயிறு எழுகின்றது, மற்றதில் படுகின்றது. மட்டக்களப்பார் தம் நாட்டுக்குச் சூட்டிய இப்பெயர்களைக் காட்டிலும் அழகிய பெயர்களை நான் எந்தப் புவியியல் நூலிலும் கண்டதில்லை. ஆயின் எழுவான்கரையில் கடைத்தெருவும் மருத்துவமனையும் பெரும் பாடசாலைகளும் பெருகின. படுவான்கரை நெல்லையும் மீனையும் பாலையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தது. 2014ஆம் ஆண்டில் மண்முனைத் துறையில் பாலம் வரும்வரை அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் மக்கள் அக்கரை சேர்ந்தார்கள். அந்தப் பாலத்தைக் கடந்துதான் நான் நாள்தோறும் கற்பிக்கச் செல்கின்றேன்.

நண்பன் வந்ததும் முதலில் பாசிக்குடாவுக்குப் போனோம். நகருக்கு வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் உள்ள அந்த வளைகுடாவில் கடல் முழங்காலளவு நீராய் நெடுந்தூரம் படுத்துக் கிடக்கும். பவளப்பாறைகள் அலையை வெளியே தடுத்துவிடுகின்றன. குழந்தையும் அஞ்சாது இறங்கலாம். போருக்கு முன்னரும் அங்கே உல்லாச விடுதிகள் இருந்தன. போர் அவற்றை அழித்தது; எஞ்சியவற்றை 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அழித்தது. 2009இல் போர் முடிந்த பின் புதிய விடுதிகள் வரிசையாய் எழுந்தன.

அவற்றுள் ஒன்றில் ஓரிரவு தங்கினோம். காலை உணவுக்கு மேசை நிறையப் பண்டங்கள். பிட்டு இல்லை, எருமைத் தயிர் இல்லை, வாவி மீனும் இல்லை. பரிமாறிய இளைஞனிடம் ஊரைக் கேட்டேன். தொலைவிலுள்ள ஒரு மாவட்டத்தைச் சொன்னான். “இந்த ஊர்ப் பிள்ளைகள் இங்கே என்ன செய்கின்றார்கள்?” என்றேன். “தோட்டம் கூட்டுறாங்க சேர்” என்றான். வெளியே வந்து கடற்கரையில் நடந்தோம். ஒரு மூலையில் தோணிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அங்கிருந்த முதியவர் ஒருவர், கரை முழுவதும் தாம் வலையுலர்த்திய காலத்தைக் கையை வீசிக் காட்டினார். அவருடைய குரலில் கோபமில்லை. பழகிப்போன இழப்பொன்றைக் கூறும் அமைதியே இருந்தது.

திரும்பும் வழியில் ஏறாவூரில் ஒரு முஸ்லிம் அன்பரின் சிறுகடையில் பிட்டுத் தின்றோம். தமிழரும் முஸ்லிம்களும் இங்கே பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பது பழமொழி. ஒரு குழலுக்குள் மாவும் பூவும் மாறி மாறி அடுக்கப்பட்டு ஒரே ஆவியில் வேகின்றன. 1990இல் இரு சாராரும் சிந்திய இரத்தம் அந்தப் பழமொழியைச் சொல்லும்போது நாவைத் தடுக்கின்றது. ஆயினும் கடைக்காரர் மேலும் ஒரு குழலைத் தட்டில் தட்டி, “தின்னுங்க மாஸ்டர், வெளிநாட்டுப் புள்ள மெலிஞ்சிரிக்கி” என்றபோது, பழமொழி முற்றாய்ச் செத்துவிடவில்லை என்று தோன்றியது.

அன்றிரவு கல்லடிப் பாலத்தருகே தோணியேறினோம். நிலவுக் காலத்தில், நீர் அசையாதிருக்கையில், சவளை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தால் மெல்லிய நரம்பிசை போன்ற ஒலி எழும். 1848இல் இங்கு வந்த ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ற் அவ்வொலியைக் கேட்டு நூலில் எழுதி உலகறியச் செய்தார். ஊரவர் அதற்கு முன்பே, இஃது ஊரியின் பாட்டென்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். இதே கரையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள், பண்டைத் தமிழரின் யாழை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். இவற்றையெல்லாம் நான் நண்பனுக்கு ஒரு விரிவுரையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். தோணிக்காரச் சிறுவன் ஒரு சொல்லும் பேசவில்லை. தலையில் துணியைக் கட்டிக் குனிந்தவாறு சவள் போட்டுக்கொண்டிருந்தான். கரையை அண்மிய பின் பாலத்து விளக்கொளி அவன் முகத்தில் விழுந்தது.

அவன் என் மாணவன்.

பதினோராம் வகுப்பு, அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவன். வகுப்புக்கு ஒழுங்காய் வருவதில்லை. வந்த நாளிலும் பின்வரிசையில் உறங்குவான். அவன் உடையில் மீன்வாடை வீசும். இரண்டு கிழமைக்கு முன் நான் நாற்பது பிள்ளைகள் முன்னிலையில், “ஆற்றிலே படிக்கின்றவனுக்குப் பாடசாலை எதற்கு?” என்று கேட்டேன். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பின் அவன் வரவேயில்லை. அவன் வராததை நான் இடாப்பில் குறித்தேன், மனத்தில் குறிக்கவில்லை.

“இங்கே என்ன செய்கின்றாய்?” என்றேன்.

“மாமாட தோணி சேர். ராவைக்கு ஆக்கள ஏத்துவன். மறுகா விடிய வலைக்குப் போவன்” என்றான். சற்றுத் தயங்கி, “நாளைக்கு எங்கட ஊட்ட வாங்க சேர். உங்கட கூட்டாளியையும் கூட்டி வாங்க. அம்மா சந்தோசப்படுவா” என்றான்.

அவமதித்தவனை அவமதிக்கப்பட்டவன் விருந்துக்கு அழைத்தான். நான் மறுக்கவும் இயலாமல், ஏற்கவும் கூசி, தலையசைத்தேன்.

மகிழடித்தீவுக்கு அயலில், கண்டல் மரங்கள் நீரில் கால்விட்டு நிற்கும் கரையோரத்தில் அந்த வீடு இருந்தது. ஓலை வேய்ந்த குசினி. தகரக்கூரை போட்ட ஓரறை. முற்றத்து வேம்பின் கீழ்ப் புதுப்பாய் விரித்தார்கள். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வடக்கிலிருந்து வந்தோர் கதைகட்டினர். மந்திரமென்று அவர்கள் நினைத்தது விருந்தோம்பலே. வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) முதலாய் எத்தனையோ நூல்கள் இந்நாட்டின் பண்பாட்டை எழுதிவிட்டன. ஆயினும் அந்தப் பாயில் அமர்ந்து உண்டாலன்றி அது விளங்காது.

சிவப்பரிசிச் சோறு. முருங்கையிலை இட்ட நண்டுக்குழம்பு. வாவியில் விடியற்காலை பட்ட திரளிமீனின் சொதி. தேங்காய்ப்பூவோடு வறுத்த கூனிச் சுண்டல். கூனி என்பது விரல்நுனியளவும் இல்லாத இறால். உரிக்கவோ ஆயவோ ஒன்றுமில்லை. உப்பும் மிளகாயும் சேர்த்துச் சட்டியில் வெதுப்பினால் முற்றமெல்லாம் மணக்கும். முடிவில் மண்சட்டியில் எருமைத் தயிர். கவிழ்த்தாலும் சிந்தாத அந்தத் தயிரை அகப்பையால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நண்பன் தின்றுகொண்டே கேள்விகள் கேட்டான். பையன் விடை சொன்னான். மாரி மழையில் வாவி நிரம்பி வயலை மூடும்போது முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் கடலுக்கு ஓடும். வாய் திறந்திருக்கையில் கடலிலிருந்து இறாற்குஞ்சு உள்ளே ஏறும். அதனால் எப்போது வெட்டுவது என்பதில் வேளாண்மைக்காரரின் கணக்கு வேறு, மீன்காரரின் கணக்கு வேறு. உவர் ஏறும் மாதம், உவர் இறங்கும் மாதம், எந்த மாதத்தில் எந்த மீன் எந்தக் கண்டலடியில் ஒதுங்கும் என்பதெல்லாம் அவன் நாவில் இருந்தன. பாடநூலின் பத்து வரியை ஒப்பிக்கத் தெரியாதவன் என்று நான் மதிப்பிட்டிருந்த பிள்ளை அவன்.

இறால் என்ற சொல் வந்ததும் திண்ணையிலிருந்த அம்மம்மா வாய்திறந்தார். “எங்கட ஆளும் றால் பண்ணைக்குத்தான் வேலைக்குப் போனவர், தம்பி.” அதற்குமேல் அவர் சொல்லவில்லை, எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. 1987 சனவரியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த படையினரின் வேட்டையில், மகிழடித்தீவு இறால் பண்ணைத் தொழிலாளர் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். அந்தப் பண்ணையின் இறாலை உண்ட மேசைகள் எங்கோ தொலைவில் இருந்தன.

உணவு முடிந்ததும் நண்பன் மகிழ்ச்சியோடு, “இனி ஒரு குறைதான். இந்த ஊர்த் தென்னங்கள் கிடைக்குமா? அதுதானே இங்கத்தைய வைன்!” என்றான்.

பையனின் தாய் தயிர்ச்சட்டியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். “சேர், அத மட்டும் இந்த ஊட்டுல கேளாதீங்க” என்று என்னைப் பார்த்தே சொன்னார். தகப்பன் எங்கே என்று நான் அதுவரை கேட்கவில்லை. அவர் நாட்கூலிக்காரர், கூலி வீடு வருமுன் சாராயக் கடைக்குப் போய்விடுகின்றது. பையன் வகுப்பில் உறங்கியதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

கள்ளை நான் பழிக்கவில்லை. வெயிலில் உழைத்தவன் மாலையில் ஒரு முட்டிக் கள் குடித்த காலம் வேறு; வறுமையை மூலதனமாக்கிச் சாராயம் விற்கும் இக்காலம் வேறு. 2017இல் கல்குடாப் பகுதியில் மதுசார ஆலை எழுந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றதற்கு இதுவே காரணம். ஒருவனுக்கு மது ஓய்வின் அணிகலன். மற்றவனுக்கு அது கூலியைப் பறிக்கும் இரண்டாம் முதலாளி.

விடைபெறும்போது நண்பன் நோட்டுகளை நீட்டினான். தாய் கைகளைப் பின்னே மறைத்துக்கொண்டார். பையனோ முதல்நாள் தோணிக் கூலியை மட்டும் எண்ணி எடுத்து மிகுதியைத் திருப்பித் தந்தான். உழைப்புக்குக் கூலி உண்டு, விருந்துக்கு விலையில்லை என்பது அவர்களின் கணக்கு. “எவ்வளவு உயர்ந்த மக்கள்!” என்றான் நண்பன். நானும் அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல் வரவில்லை. ஏழையின் விருந்தோம்பலைப் புகழ்வது நமக்கு மிக எளிது. அந்தப் புகழ்ச்சியில் நமக்குச் செலவு ஒன்றுமில்லை. அவர்களுக்கு வரவு ஒன்றுமில்லை.

பின்னர் யாரா பள்ளத்தாக்கைப் பற்றியும் தேடிப் படித்தேன். அங்கே முதற் கொடி நடப்பட்டது 1838இல். அந்த நிலம் அதற்கு முன் வுருண்ட்ஜெரி மக்களுடையது. வெளியேற்றப்பட்டவர்களை 1863இல் கொரண்டேர்க் என்ற குடியிருப்பில் சேர்த்தார்கள். அவர்கள் அங்கே பயிர் செய்து உயர்ந்தார்கள். அந்த நிலத்தின் மேலும் பிறருக்குக் கண் விழுந்தது. 1924இல் அதுவும் மூடப்பட்டது. அவுஸ்திரேலியத் தோட்டங்களில் இன்று பழம் பறிப்போருள் பசிபிக் தீவுகளிலிருந்து பருவகாலக் கூலிக்கு வருவோர் பலர். இதை எழுதியபோது நண்பன் நேர்மையாய்ப் பதிலளித்தான்: “பத்தாண்டாய் அங்கே குடித்திருக்கின்றேன், பழத்தைப் பறித்த கை யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை.”

நாமும் கேட்பதில்லை. அன்று நாங்கள் உண்ட தயிருக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள் அபகரிக்கப்படுவதையும் தம் மாடுகள் கொல்லப்படுவதையும் எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். மேய்ச்சல் தரை போனபின் சட்டியில் தயிர் எங்கிருந்து உறையும்?

பயணிகள் வரட்டும், நான் வரவேண்டாம் என்பவனல்லன். நீரும் நிலவும் எவருடைய தனியுடைமையும் அல்ல. ஆனால் கரையில் வலையுலர்த்த இடம் இருக்க வேண்டும். தோணிக்காரர் தம் கூட்டுறவினூடே கூலியை வகுக்க வேண்டும். அந்தத் தாயைப் போன்ற பெண்கள் பத்துப்பேர் சேர்ந்து ஒரு சோற்றுக்கடை வைத்தால், விலைப்பட்டியலை அவர்களே எழுத வேண்டும். அப்போது உணவை விற்பதில் இழிவில்லை; விரும்பியவருக்கு இலவசமாய்ப் படைக்கும் உரிமையும் அவர்களிடமே இருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில், முன்பு நான் சொன்ன சொல் தவறானதென்று அதே நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் சொன்னேன். பையன் அன்று வரவில்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், புதன்கிழமை வந்தான். அன்று பாடம் நெய்தல் திணை. கருப்பொருளை எழுதும் இடத்தில் சுண்ணக்கட்டியை அவனிடம் கொடுத்து, உனக்குத் தெரிந்த மீன்களை எழுது என்றேன். திரளி, மணலை, கெளிறு, ஒட்டி என்று தொடங்கிக் கரும்பலகையின் அடிவரை எழுதினான். இரண்டு பெயரில் எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினேன். நான்கு மீன்களை நான் கேள்விப்பட்டதேயில்லை, அவன் விளக்கினான்.

வலைக்குப் போவதை அவன் விடவில்லை, விடவும் இயலாது. வாரத்தில் இரண்டு மாலை அவனையும் அவனைப் போன்ற வேறு ஐவரையும் கோயில் மண்டபத்தில் வைத்துப் படிப்பிக்கின்றேன். நேரத்தை அவர்கள்தாம் குறித்தார்கள்: வலை போடுமுன், ஐந்து மணி.