அரை நான்கு

லூக்காஸ் டி.வி.எஸ். முதலிய பேராலைகள் 1960-களில் பாடியில் எழுந்தபின், அவற்றை அண்டி வாழும் பட்டறைகள் பல தோன்றின. எந்தையாரின் பட்டறையும் அவற்றுள் ஒன்று. யான் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தபொழுது, "இது சோறு போடுமா, தம்பி?" என்று ஒரு முறையே கேட்டார். அவ்வினா என்னை விட்டபாடில்லை. ஒரகடத்தில் 2012-இல் டைம்லர் ஆலை திறந்தமையைச் சுட்டி, ஜெர்மன் பயில்க என்றனர் நண்பர். மாக்ஸ் முல்லர் பவனிற் சேர்ந்தேன்.

நன்னூல் பயின்றார்க்கு அம்மொழி வியப்பே தரும். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்க்கு நான்கு. நாம் அஃறிணை என்று ஒதுக்குவனவற்றுள், கரண்டி ஆண், முட்கரண்டி பெண், கத்தி இரண்டுமன்று! திருகாணியும் பெண்ணே என்றதும் தந்தையார் நகைத்தார்.

நிற்க. பட்டறையிலுள்ள பழைய லேத்துக்குப் பல்சக்கரம் வேண்டி, ஜெர்மானிய வணிகர் ஒருவருக்கு யானே கடிதம் வரைந்தேன். "மிக மதிக்கப்பெற்ற பெருமாட்டியரே, பெருமக்களே" என்று தொடங்கி (பெண்டிரை முன்வைத்தல் அவர் மரபு), விலையும் அனுப்பும் நாளும் பணம் செலுத்தும் முறையும் கேட்டிருந்தேன். திங்களன்று இந்திய நேரம் "ஹால்ப் ஃபியர்" மணிக்குத் தொலைபேசியில் அழைப்பதாக விடை வந்தது. சொல்லுக்குச் சொல் 'அரை நான்கு'. நம் நாலரைதான் என்று துணிந்து தந்தையாரிடம் உரைத்தேன். அவர்களோ, நான்கை நோக்கி அரைமணி சென்றதை அவ்வாறு கூறுவர், அஃதாவது மூன்றரை. மணி ஒலித்தபொழுது பட்டறையில் எவருமில்லை. தந்தையார் தேநீர் அருந்தச் சென்றிருந்தார்.

அன்றிரவு அகராதியைப் புரட்டிப் புரட்டி மன்னிப்புக் கடிதம் எழுதினேன். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகிய சீகன்பால்கு ஐயர் நம் தமிழில் எத்துணை முறை இடறினாரோ!

மூன்று வாரத்திற் பல்சக்கரம் வந்தது. பொதியினுள் இருந்த சீட்டைத் தந்தையார் எடுத்து, எண்ணெய்க் கையோடு என்னிடம் நீட்டி, "படி" என்றார்.