பன்னி: புல்லைத் தின்ற சீமைக் கருவேலம்

குஜராத் மாநிலம், கட்ச் மாவட்டத்தின் புஜ் நகரத்திலிருந்து வடக்கே போனால், ரான் உப்புப் பாலைவனத்துக்கு முன்னால் வருகிறது பன்னி. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் சமவெளி. பெயர்பெற்ற புல்வெளியாயிற்றே என்று ஆசையோடு போனால், சாலையின் இரண்டு பக்கமும் நிற்பது சீமைக் கருவேலம். ராமநாதபுரத்துக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

உப்பு பரவுவதைத் தடுக்கலாம் என்று 1960-களில் வனத்துறை கொண்டுவந்த மரம் இது. காயைத் தின்ற ஆடு, மாடுகள் சாணம் போட்ட இடமெல்லாம் முளைத்தது. இன்னொரு பக்கம், தெற்கேயிருந்து மழைக்காலத்தில் வந்து மண்ணின் உப்பைக் கழுவிய ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் வந்தன. நல்ல தண்ணீர் குறைந்ததும் உவர் ஏறியது. உவரைத் தாங்கும் மரம் தழைக்க, புல் பின்வாங்கியது.

இங்குள்ள கால்நடை வளர்ப்போருக்கு மால்தாரிகள் என்று பெயர். முன்பு காங்கிரேஜ் மாடுகள்தான் இவர்கள் சொத்து. சீமைக் கருவேலங்காய் மாடுகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நிறைய செத்துப்போயின என்கிறார்கள். அதனால் பலரும் எருமைக்கு மாறினார்கள். பன்னி எருமை ராத்திரியில் தானே மேய்ச்சலுக்குப் போய், விடிந்ததும் பால் கறக்க வீடு திரும்பும். 2010-ல் இது தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது.

சரி, மரத்தை எல்லாம் வெட்டிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் சிக்கல். கால்நடை குறைவாக உள்ள குடும்பங்கள் பல, இந்த மரத்தில் கரிமூட்டம் போட்டுத்தான் அடுப்பெரிக்கின்றன. மரம் நின்றால் மாட்டுக்காரருக்கு நஷ்டம். மரம் போனால் கரிக்காரருக்குப் பட்டினி. எனவே ஒரு நிலம் எவ்வளவு நலிந்திருக்கிறது என்று கணக்கெடுக்க மண்ணை மட்டும் பார்த்தால் போதாது. வறட்சி வந்தால் எந்த வீடு முதலில் மாட்டை விற்கும் என்றும் பார்க்க வேண்டும்.

மரத்தை வேரோடு எடுத்து, மழைக்காலத்தில் மேய்ச்சலை நிறுத்திக் காத்த இடங்களில் புல் திரும்பியிருக்கிறது. காவலை விட்டால் மரமும் திரும்பிவிடும்.

உங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். பெரியவர்களை அழைத்துப் போய், முன்பு என்னென்ன புல் இருந்தது, மழைத்தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். அந்த நிலத்தை நம்பி இன்று எத்தனை குடும்பம், எத்தனை ஆடு, மாடு என்று எழுதிக்கொள்ளுங்கள். விறகு வெட்டிப் பிழைப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். பொக்லைனை அழைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.