நூலும் தழும்பும்

2009இல் ஷெல் துண்டு கிழித்த என் இடது கன்னம், வயது ஏற ஏறச் சரியத் தொடங்கியது. கனடாவிலுள்ள தங்கை, "வெட்டாமல் நூல் போட்டுத் தூக்கலாமாம் அக்கா, காசு நான் அனுப்புறன்" என்றாள். எனக்கும் ஆசைதான், ஏன் மறைப்பான்?

கொழும்பில் ஒரு தோல் வைத்தியரிடம் போனேன். "இதால் தழும்பு போகாது அம்மா" என்றுதான் அவர் தொடங்கினார். சரிந்த தோல் கொஞ்சம் உயரும். அதுவும் ஒரு வருடம், கூடினால் ஒன்றரை வருடம். நூல் காயம் தைக்கும் வகையானது, ஆறு மாதமளவில் உடம்பிலேயே கரைந்துவிடும். விறைப்பூசி போட்டு, ஊசியால் தோலுக்கடியில் செலுத்துவார்கள். பிறகு வீங்கும், நீலம் பாரிக்கும். சிலருக்குத் தோலில் குழி விழும், கிருமி தொற்றும். இரண்டு கிழமை மல்லாந்துதான் படுக்க வேண்டும், கன்னத்தைத் தேய்க்கக் கூடாது.

ஊசியும் நூலும் என்றதும் என் கை நடுங்கியது. அன்று விறைப்பூசி இல்லாமலே தைத்தார்கள். அதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களை வருத்துவது சரிவா, தழும்பா?" என்று கேட்டார்.

தழும்புதான்.

இப்போது மாதம் ஒருமுறை ஸ்டீரோயிட் ஊசி. நோகும். தடிப்பு குறையும், அடையாளம் முழுதாகப் போகாது என்று சொல்லித்தான் போடுகிறார். தங்கையின் மீதிக் காசு மகளின் ரியூசனுக்குப் போகிறது.