வாசித்துப் பார்த்தால் தேய்ந்தா போகும்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது, 'நாட்டு முன்னேற்றத்தில் இளைஞர் பங்கு' என்று ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்து விடலாம் என்றுதான் இருந்தேன். அந்தத் தலைப்பில் ஏற்கெனவே நாலு பேர் கொடுத்து விட்டார்களாம்! ஆகவே நாட்டை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, நான் என் கிடாரைப் பற்றி எழுதுகிறேன்.

"டேய், உனக்கு எதுக்குடா கிடார்?" என்று கேட்காத நண்பர் இல்லை. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். இளையராஜா இசையில் அந்தக் கிடாரை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். ஷேர் ஆட்டோவில் ஒருநாள் அது ஓடியபோது, ஆறு கம்பியில் இப்படிக் கூடப் பேச முடியுமா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டாப்பிங் தாண்டிப் போய்விட்டது! அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சீனியர் அண்ணன் ஒருவரிடம் பழைய கிடார் ஒன்று இருந்தது. மேல்பலகை வீங்கி, சாவி ரெண்டு உடைந்து கிடந்த அதில்தான் ரெண்டு வருஷம் பழகினேன். விரல் நுனி காய்த்துப் போனது. 'நல்ல கிடார் ஒண்ணு இருந்தா நீ இன்னும் நல்லா வருவே' என்று அந்த அண்ணனே சொன்னார்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் திருத்தங்கல் பக்கம். அப்பாவுக்கும் அக்காவுக்கும் பயர் ஆபீஸில் வேலை. அம்மா வீட்டிலேயே வெடிக்குக் குழல் உருட்டுகிறார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை என்று ஆனபோது ஆபீஸெல்லாம் மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அடுப்பு எரிய அந்த நாட்களில் என்ன பாடு பட்டோம் என்று நம்மில் பாதிப் பேருக்குச் சொல்லவே வேண்டாம். அந்த வீட்டில் இருந்துதான் நான் படிக்க வந்தேன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை.

போன தீபாவளிக்கு அக்காவுக்கு போனஸ் வந்தது. லீவு நாட்களில் நான் காலண்டர் பிரஸ்ஸில் தாள் அடுக்கிச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. "ஒரு தடவை வாங்குறதை நல்லதா வாங்கு தம்பி" என்று அக்கா தன் பங்கை எடுத்து நீட்டினாள். மொத்தம் 16,500 ரூபாய். எங்கள் வீட்டில் ஒரே பொருளுக்கு அவ்வளவு பணம் அதற்கு முன் கொடுத்தது பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான்.

மதுரையில் ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். சுவர் முழுக்க கிடார் தொங்கியது. ஆனால் நாங்கள் கேட்ட விலைக்கு உள்ளது அங்கே இல்லை. "அது ஆர்டர் போட்டாத்தான் வரும். முழுப் பணம் கட்டணும்" என்றார்கள். அட்டையைக் காட்டினார்கள். 'சாலிட் டாப்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதாவது மேல்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் அசல் மரமாக இருக்கும். அதனால்தான் அந்த விலை. "வந்ததும் இங்கே வச்சு வாசிச்சுப் பாத்துட்டு எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். "பெட்டியைப் பிரிச்சா விலை போகாது தம்பி, அப்படியே பார்சல்ல அனுப்பிருவோம்" என்றார்கள். அந்தப் பெட்டியை எனக்கு விற்றாகி விட்டதே, இனி யாருக்கு விலை போகணும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை!

பதினைந்தாம் நாள் பெட்டி வந்தது. பளபளப்பைப் பார்த்து அம்மா திருஷ்டி கழித்தார். சுருதி சேர்த்து முதல் கார்டைப் பிடித்தேன். விரல் கம்பியில் அமுங்கவே இல்லை. பல்லைக் கடித்து அழுத்தினால் சுருதி ஏறிப் போகிறது. சத்தமோ, பலகைப் பெட்டியைத் தட்டின மாதிரி 'டொக்'. அண்ணனின் ஓட்டைக் கிடாரே தேவலை என்று மனசு சொன்னது. "எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டாள். சொன்னேன். அக்கா முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை நண்பர்களே… சாதம் இறங்கவில்லை எனக்கு.

மெக்கானிக்கல் மாணவன் அல்லவா! மறுநாள் கையில் ஸ்டீல் ரூலை எடுத்தேன். வீணையில் மெட்டு என்பார்களே, அதுதான் கிடாரில் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்குச் சுகம். என்னுடையதில் 4.5. ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை ஏறக்குறைய 70 கிலோ. ஓர் ஆள் எடை! அதற்குக் கழுத்து வளையாமல் இருக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி உண்டு, ஆலன் கீயால் முறுக்கலாம். முறுக்கினேன், கொஞ்சம்தான் குறைந்தது. பிறகு டார்ச் அடித்து, நடுவில் உள்ள வட்ட ஓட்டையின் விளிம்பைப் பார்த்தேன். அசல் மரமானால் மேலே தெரிகிற ரேகை விளிம்பிலும் இறங்கி வரும். இதில் அடுக்கு அடுக்காக மூணு பலகை. பிளைவுட்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியேறினோம். அக்காவும் வந்தாள். கடையில், "பிரிச்ச சரக்கு, திருப்பி எடுக்க மாட்டோம். பில்லில் சாலிட் டாப்னு எழுதியிருக்கா பாருங்க" என்றார்கள். பார்த்தோம். 'அகூஸ்டிக் கிடார் – 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்போது அக்கா பேசினாள்:

"அண்ணே, நான் பயர் ஆபீஸ்ல பெட்டி போடுறவ. பெட்டி மேல பத்துன்னு அச்சடிச்சிருந்தா உள்ள பத்து இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சா எங்களைத்தான் கூப்பிட்டு நிறுத்திக் கேப்பாங்க. உங்க அட்டைல இருக்கறது உங்க பெட்டிக்குள்ள இல்லையே?"

கடையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு ஒரு செட் கம்பியும் ஒரு தோள்பையும் இனாமாகத் தருவதாகச் சொன்னார்கள். அக்கா அதைத் தொடவில்லை. கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிவு செய்திருக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுதும்வரை முடிவு வரவில்லை.

அன்று ராத்திரி அப்பா சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "ஏம்ப்பா, நம்ம சரக்கை வாங்குறவன் வெடிச்சுப் பாத்து வாங்க முடியாது. வெடிச்சா அது போச்சு. அதனாலதான் லாட்டுக்குக் கொஞ்சம் நாமளே எடுத்து வெடிச்சுப் பாத்து அனுப்புறோம். கிடாரு வாசிச்சுப் பாத்தா தேய்ஞ்சா போகும்?"

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் நாம் படித்ததைத்தான் அப்பா படிக்காமலே சொல்லிவிட்டார். கம்பியை யுடிஎம் மெஷினில் மாட்டி இழுத்தால் சோதனை முடியும்போது கம்பி ரெண்டு துண்டு. அது அழிவுச் சோதனை. பட்டாசும் அந்த ரகம். 1999-ல் வந்த விதிப்படி, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதை வெடித்துத்தான் அளக்க முடியும். வாங்குகிறவன் பார்க்க முடியாது என்பதாலேயே, செய்கிறவன் அவனுக்காகப் பார்த்து வைக்கிறான். டெல்லியில் திரியைக் கொளுத்துகிறவன் சிவகாசியில் முகம் தெரியாத ஒருத்தரை நம்புகிறான்.

இன்னொரு ரகம் அழிவில்லாச் சோதனை. எங்கள் அம்மா பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். கணீர் என்றால் வாங்குவார். பொத்தென்றால் கீழே வைத்துவிடுவார். பக்கத்து மாவட்டம் மானாமதுரையில் செய்கிற கடமும் அப்படித்தான். சூளையில் வெந்த பிறகு சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது என்பதால், தட்டித் தட்டித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டுவதால் பானைக்கும் கடத்துக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆயிரம் தடவை வாசித்தாலும் கிடாரும் அப்படியேதான் இருக்கும். தேயாத பொருளை 'பார்க்காமல் வாங்கு' என்று ஒருவர் சொன்னால், அதில் லாபம் யாருக்கு என்று நாம் கேட்கலாம் அல்லவா?

இந்த இடத்தில் இன்னொன்றும் தோன்றுகிறது. பானையைத் தட்ட அம்மாவுக்கு அவர் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். கிடாரை எங்கே தட்டுவது என்று எங்கள் வீட்டில் யார் சொல்லித் தர முடியும்? கிடார் மட்டும் அல்ல. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த இன்டர்வியூவுக்குப் போகலாம், எந்த ஏஜென்ட்டிடம் பணம் கட்டக்கூடாது… எல்லாமே முதல் தலைமுறைக்குப் பிரிக்காத பெட்டிதான். வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சித்தப்பா ஒருத்தர் முன்னாலேயே தட்டிப் பார்த்து வைத்திருப்பார். நமக்கு அந்தச் சித்தப்பா இல்லை. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் பழகக் கல்கத்தா வரை போனார்கள். அங்கே இருந்து கையால் பழகி வந்த பிறகுதான் நம் ஊரில் தொழில் வைத்தார்கள். அவர்கள் தட்டிப் பார்த்ததில் ஓர் ஊரே பிழைத்தது.

கிடார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஃபிட்டிங் ஷாப்பில் மூன்று வருஷம் இரும்பை ராவிய கை சும்மா இருக்குமா? கம்பி உட்காரும் பாலத்தில் உள்ள சின்ன வெள்ளைக் கட்டையைக் கழற்றினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பி நீளத்தில் சரிபாதி. ஆகவே அங்கே 1 மில்லி குறைய, கட்டையின் அடியில் 2 மில்லி ராவ வேண்டும். ஒத்த முக்கோணம்தான், கணக்கு வாத்தியார் வாழ்க! உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். இப்போது இடைவெளி 3 மில்லி. விரல் அமுங்குகிறது. ஆனால் 'டொக்' போகவில்லை. பலகைக்குள் இல்லாத நாதத்தை அரம் கொண்டு வர முடியாது. அந்த ஏமாற்றம் அப்படியேதான் இருக்கிறது. அக்கா வேலை விட்டு வந்து, "ஒண்ணு வாசி தம்பி" என்பாள். வாசிக்கிறேன். "நல்லாத்தானே இருக்கு" என்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. முதலில் ஓட்டை விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்தின் ஓரத்தோடு ஒரு கண்ணால் நூல் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி, இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலியும், அங்கேயே அழுத்தி மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். சங்கீதம் தெரியாவிட்டாலும் செல்போனில் உள்ள டியூனர் சொல்லிவிடும். அட்டையில் உள்ளது பில்லிலும் எழுத்தாக வரவேண்டும். அசல் மரக் கிடார் கிடைத்தால் பையை விட்டு வெளியே கிடத்தாதீர்கள். பட்டாசுக்கு வரமான நம் ஊர் வறண்ட காற்று மரத்தைச் சுருங்க வைத்துவிடும். 'வாசிச்சுப் பாக்கக் கூடாது' என்கிற கடையானால், காசை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

போன மாதம் வெம்பக்கோட்டை ஜூனியர் தம்பி ஒருவன் கிடார் வாங்கக் கிளம்பினான். நானும் போனேன், ரூலும் டார்ச்சுமாக! ரெண்டு கடையில் எங்களை முறைத்தார்கள். மூன்றாவது கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காந்து வாசிச்சுப் பாருங்க தம்பி, அவசரமில்லை" என்றார். 6,000 ரூபாய்க் கிடார். என்னுடையதைவிட நன்றாகப் பேசுகிறது.

ஆகவே நண்பர்களே, இனி யாருக்குக் கிடார் வேண்டுமென்றாலும் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீதான். பஸ் டிக்கெட் மட்டும் உங்கள் செலவு!

– இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு